பலகை கழற்றும் நாள்

நெய்வேலி
3 நவம்பர் 2024

அன்புத் தங்கை அன்புக்கரசிக்கு,

அண்ணன் பழனிவேல் எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம். நீயும் மாப்பிள்ளை ராயப்பனும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

எங்கள் செங்கதிர் நற்பணி மன்றத்தின் வரலாற்றில் இதுவரை எடுக்கப்படாத ஒரு முடிவு சென்ற ஞாயிற்றுக்கிழமை எடுக்கப்பட்டது. மன்றத்தின் பெயர்ப்பலகை இனி மேற்கு நோக்கி இருக்கும். கிழக்கு நோக்கி இருந்தவரை கரித்தூசி படிந்து 'நற்பணி' என்ற சொல் மறைந்துபோய், வெறும் 'செங்கதிர் மன்றம்' என்றே ஜனங்கள் படித்துவந்தார்கள். இதற்காக மூன்று கூட்டம் நடந்தது. முதல் கூட்டத்தில் வாஸ்து பேசினார்கள். இரண்டாவதில், மேற்கே திருப்பினால் பலகை பொதுக்கழிப்பறையைப் பார்த்தபடி இருக்குமே என்று ஒருவர் கேட்க, கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. மூன்றாவதில் தலைவர் வேணு எழுந்தார். "பலகைதாங்க ஒரு மன்றத்துக்கு மூஞ்சி. மூஞ்சில தூசி வுழுந்துக்கினே இருந்தா திருப்பிக்கத்தான் வேணும்" என்றார். தீர்மானம் நிறைவேறியது.

பொருளாளர் மாடசாமி இடுப்பிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். அவரை உனக்கு நினைவிருக்கும். திருநெல்வேலிக்காரர், மைன்ஸில் பெரிய இயந்திரங்களுக்கு நட்டு முடுக்கி ஓய்வு பெற்றவர். கல்யாண வீட்டுக்குக்கூட ஸ்பேனர் இல்லாமல் போகமாட்டார். "இதுக்குப் போயி மூணு கூட்டமாவே?" என்று கேட்டுக்கொண்டே, ஊற்றிவைத்த டீ ஆறுவதற்குள் பலகையைத் திருப்பிவிட்டார். செயலாளர் என்ற முறையில் நான் தீர்மானத்தைக் குறிப்பேட்டில் ஏற்றினேன். பொருளாளரின் கேள்வியை ஏற்றவில்லை.

உன் அண்ணிக்கு முழங்கால் வலி. அருண்ராஜுக்கு இன்னும் கான்ட்ராக்ட்தான். பையன் 'பர்மனென்ட்' என்ற சொல்லைக் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுகிறான்.

போனில் கேட்டால் "பொழச்சிக்கினு இருக்கோம்ணே" என்பதற்குமேல் நீ எதுவும் சொல்வதில்லை. கடிதத்திலாவது நாலு வரி எழுது. அங்கே உனக்கு என்ன வேலை என்று மன்றத்தில் கேட்கிறார்கள். 'அரசு சார்ந்த மண் ஆய்வு' என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உன் நலம் நாடும்
பழனிவேல்

*

இத்தியடி, பளை, இலங்கை
1 டிசம்பர் 2024

அண்ணனுக்கும் அண்ணிக்கும் வணக்கம். உங்கள் கடிதம் வந்தது. இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம். அண்ணியை வேப்பெண்ணெய் காய்ச்சித் தேய்க்கச் சொல்லுங்கள்.

என் வேலை மண் ஆய்வு இல்லை. சண்டைக் காலத்தில் புதைத்த கண்ணிவெடியை எடுப்பது. முன்பே சொல்லியிருக்கிறேன், நீங்கள் பேச்சை மாற்றிவிடுவீர்கள். காலையில் வாசலில் உள்ள பெட்டியில் போனைப் போட்டுவிட வேண்டும். மார்புக்குக் கவசம், முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு. ஒரு ஆள் அகலத்துக்கு ஒரு பாதை. அதில் மண்டியிட்டு, கருவி கத்துகிற இடத்தில் மண்ணைப் பக்கவாட்டில் சுரண்டிக்கொண்டே போவோம். பெரும்பாலும் ஆணிதான் இருக்கும், அல்லது யாரோ வீட்டுக் கதவின் கீல். முடித்த பக்கம் வெள்ளைக் குச்சி நடுவோம். முடிக்காத பக்கம் சிவப்பு. நம் ஊரை மைன்ஸுக்குக் கொடுத்ததற்கு ஈடாக உங்களுக்கு வேலை கிடைத்தது. இங்கே ஊரைத் திரும்ப வாங்குவதற்கே வேலை.

இப்போது செய்துகொண்டிருப்பது என் வீட்டுக்காரர் குடும்பத்து நிலம் இருக்கும் துண்டு. இவருடைய அப்பா வைத்த தென்னைகளில் ஷெல் பட்டுத் தலை போனவை போக மற்றதெல்லாம் காய்க்கிறது. தேங்காய் விழுகிற சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கும். போய் எடுக்க முடியாது. தென்னந்தோப்பு வைத்துக்கொண்டு நாங்கள் தேங்காயைக் கடையில் வாங்குகிறோம்.

நம் குவார்ட்டர்ஸுக்கு வெள்ளையடிக்க அகதி முகாமிலிருந்து வந்தாரே, அன்றைக்கே கிணறும் தோப்பும் இருக்கிறதென்று சொல்லித்தான் என்னைக் கேட்டார். இருக்கிறது என்று சொன்னதில் பொய்யில்லை. தினமும் மாலை சைக்கிளை வாசல் கம்பத்தில் சாய்த்துவிட்டு அங்கேயே நிற்பார். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை அங்கே இருக்கிறது. "எப்ப அன்பு?" என்பார். "இந்தப் பலகைய எப்ப கழட்டுறாங்களோ, அன்னைக்கு. அதுக்கு முன்னாடி ஒரு அடி உள்ள வெச்சீங்க, நான் நெய்வேலி பஸ் ஏறிடுவேன்" என்பேன். "கடலுக்குள்ளால பஸ் ஓடுதே?" என்று சிரிப்பார். ஆனால் மாதா மேல் சத்தியம் செய்திருக்கிறார், பலகையைக் கழற்றும்வரை அசையமாட்டேன் என்று. இத்தனை வருஷமாக அசையவில்லை.

போன மாதம் பணம் கொடுக்கும் நாட்டிலிருந்து ஒரு அம்மா பார்க்க வந்தார். இந்தப் பகுதியில் சமீபத்தில் எத்தனை விபத்து என்று கேட்டார். எங்கள் மேற்பார்வையாளர் நெஞ்சை நிமிர்த்தி, ஒன்றுகூட இல்லை என்றார். அந்த அம்மா அதை எழுதிக்கொண்டு போனார்.

அருண்ராஜைக் கேட்டதாகச் சொல்லுங்கள். எங்கள் வேலையும் கான்ட்ராக்ட்தான். வருஷா வருஷம் வேறொரு நாடு கையெழுத்துப் போட வேண்டும்.

அன்புக்கரசி

*

நெய்வேலி
10 ஜனவரி 2025

அன்புத் தங்கைக்கு, பொங்கல் வாழ்த்து. அண்ணி வேப்பெண்ணெய் தேய்க்கிறாள். வலி அப்படியே இருக்கிறது, கூடவே வாடையும் இருக்கிறது.

உன் கடிதத்தை மன்றத்தில் படித்துக்காட்டினேன். மண் ஆய்வு என்று சொன்னதை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. தேங்காய் விழும் இடத்தைப் படித்தபோது வேணு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, அந்தத் தேங்காய்கள் சட்டப்படி யாருக்குச் சொந்தம் என்று ஒரு விவாதம் எழுந்து நெடுநேரம் நடந்தது. "கண்ணிவெடியப் போட்டவனில்லா எடுக்கணும்? எவனோ வெளிநாட்டுக்காரன் எதுக்குத் துட்டு குடுக்கான்?" என்றார் மாடசாமி. வேணு, "மைன்ஸ்ல முப்பது வருஷம் இருந்தவங்க நாம. மைன்ஸைப் பத்தி நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்ல" என்றார். அவர் முப்பது வருஷமும் கேன்டீன் பிரிவில் இருந்தார்.

காடாம்புலியூரிலிருந்து அண்ணியின் தம்பி முந்திரி கொண்டுவந்தான். உனக்குக் கொஞ்சம் எடுத்துவைத்திருக்கிறேன். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

தோப்பு எப்போது முடியும் என்று எழுது.

பழனிவேல்

*

இத்தியடி
16 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு வணக்கம். நலம். அண்ணி நலமா?

போட்டவர்களில் பாதிப்பேர் உயிரோடு இல்லை, மீதிப்பேருக்கு எங்கே போட்டோம் என்பது நினைவில்லை என்று மாடசாமி அண்ணனிடம் சொல்லுங்கள்.

வேலை நின்றுவிட்டது. பணம் கொடுத்துவந்த நாடு வெளிநாட்டு உதவியை எல்லாம் நிறுத்திப் பரிசீலிக்கிறதாம். ஒரு வெள்ளிக்கிழமை நான் மண்டியிட்டு இருந்தபோது விசில் ஊதினார்கள். விபத்தோ என்று அப்படியே இருந்தேன். எழுந்து வரச்சொன்னார்கள். நட்டது நட்டபடி, சுரண்டியது சுரண்டியபடி விட்டுவிட்டு வெள்ளைக் குச்சிப் பக்கமாக வெளியே வந்தோம். கவசத்தையும் கருவியையும் வாங்கிப் பூட்டிவிட்டார்கள். எங்களுக்குக் கைதட்டினார்கள்.

இன்னொரு நாட்டிடம் கேட்டிருக்கிறார்களாம். அவர்கள் விபத்து நடக்கிற இடங்களுக்குத்தான் முதலில் கொடுப்பார்களாம். எங்கள் பகுதி மூன்றாம் வரிசையில் இருக்கிறது. ஒன்றுமே நடக்கவில்லை அல்லவா.

கிணற்றுக்குக் கொஞ்ச தூரம்தான் பாக்கி இருந்தது. கவசத்துக்குள்ளிருந்தே கிணற்றுக் கட்டு தெரியும். இவரிடம் சொன்னேன். "பலகை நிக்குதுதானே?" என்றார். நிற்கிறது என்றேன். "அப்ப நானும் நிக்கிறன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

ஆள் நடமாட்டம் நின்றதும் ஊர் மாடுகள் உள்ளே போகப் பார்க்கின்றன. சிவப்புக் குச்சிகளில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது, மீதியை யாரோ தக்காளிச் செடிக்குப் பிடுங்கிப்போய்விட்டார்கள். அந்த இரும்புப் பலகை ஒன்றுதான் இப்போது காவல்.

முந்திரியை நீங்களே சாப்பிடுங்கள்.

அன்புக்கரசி

*

நெய்வேலி
12 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

சுகம். உன் கடிதம் இங்கே பெரிய அதிர்ச்சியை உண்டாக்கிவிட்டது. அவசரக் கூட்டம் கூட்டினோம். "ஒரு நாடு கைவிட்டா இன்னா, நம்ம மன்றம் கைவிடாது" என்று வேணு சொன்னபோது எழுந்த கைத்தட்டல், பக்கத்துக் குடியிருப்பு வட்டத்தில் சஷ்டி பாராயணம் செய்துகொண்டிருந்தவர்களை நிறுத்திவிட்டது. வசூல் ஆரம்பித்தோம். மந்தாரக்குப்பம் கடைக்காரர்கள்கூடக் கொடுத்தார்கள். ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர், எந்தக் கட்சி என்று கேட்காமலேயே கொடுத்தார்.

பிறகு ஆடிட்டரைக் கேட்டதில், எங்களைப்போன்ற மன்றம் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பச் சட்டத்தில் வழியில்லை என்றார். கூட்டத்தில் துக்கம் சூழ்ந்தது. அப்போது மாடசாமிதான், "பணமாத்தானே அனுப்பக்கூடாது? பொருளாக் கொண்டுபோலாம்லா?" என்றார். என்ன பொருள் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. பலகை.

நல்ல கனமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், எழுத்தைக் குழிவாக வெட்டி, நீலம் ஊற்றிச் செய்யக் கொடுத்திருக்கிறோம். வாசகம் என்னுடையது: 'இந்நிலம் கண்ணிவெடிகள் அகற்றப்பட்டு மக்களின் நல்வாழ்வுக்கு அளிக்கப்பட்டது. உதவி: செங்கதிர் நற்பணி மன்றம், நெய்வேலி.' இன்னும் அகற்றி முடியவில்லையே என்று நானே கேட்டேன். "ஸ்டீல்ல வெட்டினதைப் பின்னாடி மாத்த முடியாது. வேலை எப்படியும் முடியத்தான போவுது, நாம முன்னாடியே வெச்சிட்டா அவங்களுக்கும் ஒரு உந்துதலா இருக்கும்" என்று வேணு விளக்கினார். பாலம் கட்டுவதற்கு முன்பே கல்வெட்டு வைப்பது நம் பக்கத்தில் இல்லாததா? சேத்தியாத்தோப்புப் பக்கம் கல்வெட்டு மட்டுமே இருக்கும் பாலத்தில் நீயும் நானும் உட்கார்ந்து கரும்பு தின்றிருக்கிறோம்.

நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் விடுகிறார்கள் அல்லவா? வேணுவும் மாடசாமியும் இன்னும் சிலரும் நல்லூர் கோயில் தரிசனத்தோடு சேர்த்து மே மாதம் வருகிறார்கள். வசூலான தொகை பலகைக்கும் பயணத்துக்கும் கச்சிதமாகச் சரியாகிவிட்டது. என் பாஸ்போர்ட் வரவில்லை, நான் வரவில்லை. எங்கே வைப்பது என்று உடனே எழுது.

உன் போன் ஏன் அடிக்கவே இல்லை?

பழனிவேல்

*

வவுனியா
14 ஏப்ரல் 2025

அண்ணனுக்குப் புத்தாண்டு வாழ்த்து. நலம். போன் கீழே விழுந்துவிட்டது. வேறு வாங்கும்வரை கடிதம்தான்.

நான் இப்போது வவுனியாவில் தையல் ஃபேக்டரியில் இருக்கிறேன். விடுதியில் தங்கல். மாதத்தில் ஒரு ஞாயிறு இத்தியடி போவேன். உங்கள் கடிதத்தை இவர் வைத்திருந்து போன ஞாயிறுதான் கொடுத்தார். இங்கே காலர் மட்டும் தைக்கிறேன். சட்டையை முழுதாகப் பார்த்ததில்லை. கை நடுங்காத ஆள் என்று சூபர்வைசர் சொல்கிறார்.

பலகை விஷயம். மன்றத்து அண்ணன்மார்களுக்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் வேலை முடிந்த பிறகுதான் அதை வைக்க வேண்டும். முடியாத நிலத்தில் 'அகற்றப்பட்டது' என்று எழுதி வைக்கக்கூடாது அண்ணே. இங்கே பலகையைத்தான் ஜனங்கள் நம்புகிறார்கள். கொண்டுவந்துவிட்டால் எங்கள் வீட்டுக்குள் சுவரோரம் வைத்துவிட்டுப் போகட்டும். நான் பிறகு பார்த்துக்கொள்கிறேன். தோப்புப் பக்கம் யாரும் போகவேண்டாம். அங்கே எதையும் தொடவேண்டாம். இதை வேணு அண்ணனிடம் படித்துக் காட்டுங்கள்.

இவர் சந்தையில் மூட்டை தூக்கப் போகிறார். மாலையில் சைக்கிள் அங்கேதான் போகிறதாம்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புக்கரசி

*

நெய்வேலி
22 மே 2025

அன்புத் தங்கைக்கு,

சுகம். மகிழ்ச்சியான செய்தி. உன் கடிதம் பத்தாம் தேதி வந்தது. நம்மவர்கள் ஒன்பதாம் தேதியே கப்பல் ஏறிவிட்டார்கள். தையல் வேலை கிடைத்ததில் அண்ணிக்கு ரொம்ப நிம்மதி. உட்கார்ந்து செய்யும் வேலை.

பலகை பதினான்காம் தேதி முற்பகல் பதினொரு மணிக்குச் சிறப்பாகத் திறந்துவைக்கப்பட்டது. புகைப்படம் இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் வீடு பூட்டியிருந்ததாம். மாப்பிள்ளை சந்தைக்குப் போயிருக்கிறார் என்று கடையில் சொன்னார்களாம். தோப்புக்கு வழி கேட்டு வேனிலேயே போயிருக்கிறார்கள். கடைக்காரர் ஏதோ சொல்லிக் கையை ஆட்டினாராம். அவருடைய தமிழ் சரியாகப் புரியவில்லை, வழியனுப்புகிறார் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அங்கே ஒரு சிக்கல். ஏற்கெனவே ஒரு பழைய சிவப்புப் பலகை இரண்டு இரும்புக் கம்பத்தில் நின்றிருக்கிறது. நம் பலகையை அதன் பக்கத்தில் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். வேணு சம்மதிக்கவில்லை. "ஒரே எடத்துல ரெண்டு பலகை ரெண்டு விதமா சொல்லிக்கினு நின்னா, பாக்கறவங்க எதைங்க நம்புவாங்க?" என்றாராம். நியாயம்தான். மாடசாமி பார்த்தார்: நம் பலகையின் துளையும் அந்தக் கம்பத்தின் போல்ட்டும் ஒரே அளவு. "இது நமக்குன்னே அடிச்சு வச்சாப்ல இருக்குவே" என்று ஸ்பேனரை எடுத்துவிட்டார். போல்ட் துருப்பிடித்திருந்ததால் பின்பக்கம் ஒருவர் நட்டைப் பிடிக்க வேண்டியிருந்தது. மாடசாமியே உள்ளே போய், இடம் போதவில்லை என்று முன்னும் பின்னும் நடந்து, கால் ஊன்றி நெடுநேரம் பிடித்திருக்கிறார். முதல் நாள் மழை பெய்து மண் மெத்தையாட்டம் இருந்ததாம்.

படத்தில் பலகைக்குப் பின்னால் இளநீர் கேட்டுக் கையை மேலே காட்டி நிற்பது அவர்தான்.

பழைய பலகையைப் போட்டுவிட்டு வர மனமில்லாமல் நினைவுப்பொருளாக எடுத்துவந்திருக்கிறார்கள். மன்ற அறையில் மேற்குச் சுவரில் மாட்டியிருக்கிறோம். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

முந்திரியைக் கடைக்காரரிடம் கொடுத்திருக்கிறார்கள். வாங்கிக்கொள்.

பழனிவேல்

*

நெய்வேலி
30 ஜூன் 2025

அன்புத் தங்கைக்கு,

சுகம். என் மே மாதக் கடிதம் வந்ததா? பதில் இல்லை. தபாலில் தாமதம் என்று நினைக்கிறேன். முந்திரியாவது கிடைத்ததா என்று அண்ணி கேட்கிறாள். உன் பழைய எண்ணுக்கு அருண்ராஜ் அடித்துப் பார்த்தான். யாரோ சிங்களத்தில் பேசினார்களாம்.

மன்றத்தின் ஆண்டு மலர் அச்சுக்குப் போகிறது. 'கடல் கடந்த கருணை' என்று நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். அதற்கு இரண்டு பொருள் தேவை. ஒன்று, பயனாளியின் நன்றிக் கடிதம். நீண்டதாக வேண்டாம். இரண்டு, பயனாளி தன் நிலத்தில் நிற்கும் படம். மாப்பிள்ளையைப் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்தி எடுத்தால் போதும். சைக்கிள் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று வேணு சொல்கிறார்.

அருண்ராஜுக்குக் கான்ட்ராக்ட் மூன்று மாதம் நீட்டித்திருக்கிறார்கள்.

பதில் போடு. நான் உன்மேல் கோபமாக இல்லை. நீ என்மேல் எதற்காவது கோபமாக இருக்கிறாயா?

பழனிவேல்

*

இத்தியடி
27 ஜூலை 2025

அண்ணனுக்கு,

அண்ணியும் அருண்ராஜும் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. முந்திரி கிடைத்தது. கேட்ட படம் அனுப்ப முடியவில்லை.

பதினான்காம் தேதி மாலை இவர் சந்தையிலிருந்து வந்து வழக்கம்போல் சைக்கிளைக் கொண்டுபோய்க் கம்பத்தில் சாய்க்கப் போயிருக்கிறார். பலகை மாறியிருந்தது. நின்று படித்திருக்கிறார். இருட்டிவிட்டதால் திரும்பி வந்து, கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். கடைக்காரர், இது இந்தியாக்காரர்கள் வைத்தது, நான் வேண்டாம் என்று சொன்னேன், அன்பு வரட்டும் என்று சொல்லியிருக்கிறார். "அவவின்ட அண்ணன்ட ஆக்கள்தான். அவவுக்குத் தெரியாமலே செய்வினம்? என்னைத் திகைக்க வைக்கவெண்டு சொல்லாமல் விட்டிருக்கிறா" என்றாராம். பலகை வரப்போகிறது என்று நான் இவரிடம் சொல்லியிருக்கவில்லை, நீங்கள் நிறுத்திவிடுவீர்கள் என்று இருந்துவிட்டேன். மறுநாள் காலையில் குளித்து, சவரம் செய்துகொண்டு, மாதா கோயிலில் மெழுகுவத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

சத்தம் கேட்டும் யாரும் உள்ளே போகவில்லை. போகக்கூடாது என்று அவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்ததே நான்தான். கவசமும் கருவியும் பூட்டிய இடத்தின் சாவி கிளிநொச்சியில் இருந்தது. அது வந்து சேர மத்தியானம் ஆனது. பெரிய ஆஸ்பத்திரிக்கு யாழ்ப்பாணம் கொண்டுபோனார்கள். எனக்கு ஃபேக்டரிக்குத் தகவல் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு தடவைதான் பேசினார். "பலகையைக் கழட்டினவைதானே அன்பு. உள்ளுக்குக் கால் அடையாளமும் கிடந்தது. அதுதான் போனனான்" என்றார். நான் ஆமாம், கழற்றிவிட்டார்கள் என்றேன். சத்தியத்தை மீறவில்லை என்று நான் சொல்லவேண்டும் என்று எதிர்பார்த்தார். அதையும் சொன்னேன். பதினேழாம் தேதி விடியற்காலம் முடிந்துவிட்டது.

ரப்பர் செருப்பும் ஒரு தேங்காயும் வாசலருகே கிடந்தன. தேங்காயை எடுத்துக்கொண்டு திரும்பி வரும்போதுதான் நடந்திருக்கிறது.

என் கடிதம் பத்தாம் தேதி வந்ததாக எழுதியிருந்தீர்கள். பலகை பதினான்காம் தேதி.

நன்றிக் கடிதம் என்று தனியாக எழுத வரவில்லை. இதிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புக்கரசி

*

நெய்வேலி
25 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கைக்கு,

அண்ணி மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. நான் சாப்பிடுகிறேன்.

இங்கே நல்ல மழை. குவார்ட்டர்ஸ் பின்பக்கம் பலாமரம் சாய்ந்துவிட்டது. அதை வெட்ட மனுக் கொடுத்திருக்கிறேன்.

மன்றத்தில் இரண்டு நிமிடம் மௌனம் அனுசரித்தோம். மாடசாமி அன்று வரவில்லை. அவர் வீட்டுக்குப் போனேன். "நான் உள்ள நின்னேனே செயலாளரே, அம்புட்டு நேரம் நின்னேனே" என்று காலைப் பார்த்துக்கொண்டே சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது நடைப்பயிற்சிக்குத் தார் ரோட்டை விட்டு இறங்குவதில்லை. மலரில் அந்த நான்கு பக்கங்களை எடுத்துவிட்டு ஜவுளிக்கடை விளம்பரம் போட்டார்கள்.

பத்தாம் தேதி பற்றி எழுதியிருந்தாய். கப்பலில் போனவர்களுக்கு அந்த ஊரில் போன் கிடைக்குமா கிடைக்காதா என்பது யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. நீ வரச்சொன்னால் வருகிறேன். நீ இங்கே வந்துவிடுவதென்றாலும் வா. அறை இருக்கிறது.

சிவப்புப் பலகையைச் சுவரிலிருந்து எடுத்துத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அதை அனுப்பட்டுமா?

பழனிவேல்

*

இத்தியடி
5 அக்டோபர் 2025

அண்ணனுக்கும் அண்ணிக்கும் வணக்கம். அண்ணியைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

இப்போது வரவேண்டாம். நானும் வர முடியாது. பலகையை அனுப்பவேண்டாம். இங்கே என்னுடைய சிவப்புச் சேலையைக் கிழித்து வேலி முழுக்கக் கட்டியிருக்கிறேன். உங்கள் பலகையைக் கழற்றவில்லை. விசாரணை முடியும்வரை அந்த இடத்தில் எதையும் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். போன வாரம்தான் முடிந்தது, இனிமேல்தான் கழற்ற வேண்டும்.

அந்த வெளிநாட்டு அம்மா மறுபடியும் வந்தார். இப்போது வேறு நாட்டின் பணத்துக்கு வேலை செய்கிறாராம். எத்தனை விபத்து என்று கேட்டார். மேற்பார்வையாளர் சொன்னார். எழுதிக்கொண்டார்.

எங்கள் பகுதி முதல் வரிசைக்கு வந்துவிட்டது. பழைய ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். கவசம் கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை வாசலிலிருந்து தொடங்குகிறோம். முதல் பாதை எனக்கு.

அன்புக்கரசி